இரண்டாவது கிட்னி

அத்தியாயம் 6

"அண்ணி, ஒரே ஒரு சந்தேகம்," என்றான் ரேடியோ, டாக்ஸியின் வேகத்தைக் குறைத்தபடி. "செத்துப்போனவர் வீட்டுக்குப் போய், 'உங்க வீட்டுக்காரர் கிட்னி ஒருத்தரைக் கொன்னுடுச்சு, இன்னொருத்தரையும் கொல்லலாம்'னு எப்படி ஆரம்பிக்கிறது? வணக்கம் சொல்லிட்டா, சொல்லாமலா?"

"நீ வாயைத் திறக்காம ஆரம்பிக்கிறது," என்றாள் அண்ணி.

ரேடியோவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அவனோடு கால் மணி நேரம் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறான். நாற்பதை நெருங்கிவிட்டான், கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணைப் பேசவிடாமல் இவனே பேசினால் யார் கொடுப்பார்கள்? அண்ணி அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நெடுங்காலம் பொய்க் கேஸ் பிடிக்கும் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்புத் துலக்குகிறாள். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கேஸ் கொடுக்க வருகிறவர்கள், போலீஸ்காரர்கள், டீக்கடைக்காரர் என்று ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள்.

காலையில் வந்த கேஸ்தான் ரேடியோவை இப்படிப் புலம்ப வைத்தது. வந்தவள் ஒரு தையல்காரி. அம்மா அப்பா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய், வருஷக்கணக்காக டயாலிசிஸில் கிடந்து, போன மாதம்தான் வேறொருவர் கிட்னி வைத்திருக்கிறார்கள். சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தவர் கொடுத்தது. அதே ஆளின் இன்னொரு கிட்னி பக்கத்துக் கட்டில்காரருக்குப் போனது. இரண்டு பேரும் ஒரே நாளில் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் போன வாரம் திடீரென்று பிதற்ற ஆரம்பித்து, கண்ட இடத்தில் எச்சில் துப்பி, கட்டிலோடு கட்டிப்போட்டும் அடங்காமல் செத்துப்போனார்.

"என் தம்பி இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருக்கான் அண்ணி," என்றாள் தையல்காரி. "ஆனா டாக்டர் அவனைப் பாக்குற பார்வையே சரியில்ல."

டாக்டரிடம் போனார்கள். மனுஷன் சுற்றி வளைக்கவில்லை.

"ரேபிஸா இருக்கும்னு சந்தேகப்படுறேன். நாய்க்கடி வியாதி. ஆனா இறந்துபோன பக்கத்துக் கட்டில்காரரோட சாம்பிள் ரிசல்ட் வர நாளாகும். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா இவரைக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. வந்துட்டா கடவுளே வந்தாலும் கஷ்டம்."

"அப்போ போட்டுட வேண்டியதுதானே சார்?" என்றான் ரேடியோ.

"ஊசி மட்டும் போட்டா பிடிக்காது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளாம இருக்க, இவர் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்து நாங்களே அடக்கி வச்சிருக்கோம். அந்த மாத்திரையைக் குறைச்சாத்தான் ஊசி வேலை செய்யும். குறைச்சா கிட்னி போயிடலாம். போச்சுன்னா மறுபடி மெஷின்தான். வெறும் சந்தேகத்துக்காக அதைச் செய்ய எனக்குக் கை வரல."

"கொடுத்தவர் ரத்தத்தைச் சோதிக்கலையா?" என்று கேட்டாள் அண்ணி.

"எச்ஐவி, ரெண்டு வகைக் காமாலை, எல்லாம் பாத்தோம். சுத்தம். சொல்லப்போனா, காமாலை வைரஸ் இருக்கிற கிட்னியைக்கூட நோயாளிகிட்ட சொல்லிட்டு, தெரிஞ்சே வைக்கிறோம்மா. அதுக்கு மருந்து இருக்கு, கூடவே கொடுப்போம். தெரிஞ்சு வர்ற வைரஸை சமாளிச்சுடலாம். தெரியாம வர்றதுதான் எமன். எல்லாருக்கும் ரேபிஸ் சோதனை பண்றதில்ல. நாய், பூனை, குரங்கு ஏதாவது கடிச்சதான்னு வீட்டுக்காரங்களைக் கேப்போம். அந்தம்மா இல்லைன்னு சொல்லியிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு கடி, ஒரு கீறல், ஏதாவது நிஜமா இருந்ததுன்னு கொண்டுவாங்க. நான் ஆரம்பிச்சுடறேன்."

கிட்னி கொடுத்தவர் யார் என்று ஆஸ்பத்திரி சொல்லாது. அது விதி. விதியை ரேடியோவும் மதிக்கிறவன்தான். ஆனால் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அவன் சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் விதி கொஞ்சம் நெகிழும். அப்படிக் கிடைத்த விலாசம்தான் ஊர்க்கோடியில் இருந்த இந்தப் பால்காரர் வீடு.

வாசலில் டாக்ஸி நின்றதும் ஒரு நாய் எழுந்து வந்தது.

ரேடியோ கதவைத் திறந்த கையாலேயே சாத்தினான். "அண்ணி, குற்றவாளி வாசலிலேயே நிக்கிறான். கைது பண்ணுங்க, நான் உள்ள இருந்தே சாட்சி சொல்றேன்."

"இறங்குடா. பால்காரர் போயே ஒரு மாசத்துக்கு மேலாச்சு. இது அவரைக் கடிச்சு, இதுக்கு வெறியும் இருந்திருந்தா, என்னைக்கோ செத்திருக்கும். வெறி பிடிச்ச நாய் பத்து நாள்கூடத் தாங்காது."

நாய் ரேடியோவின் செருப்பை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டியது. அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

பால்காரரின் மனைவி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி விஷயமாக வந்திருக்கிறோம் என்று அண்ணி சொன்னதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து ரேடியோவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? யாரு என்னன்னு சொல்ல மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ராத்திரி படுத்தா அதே நினைப்புதான். எங்கேயோ ரெண்டு வீட்டுல அவர் இன்னும் இருக்காருன்னு நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. உக்காருங்க, டீ போடறேன்."

"டீ அப்புறம் ஆகட்டும்," என்றாள் அண்ணி. "அவர் கடைசியா இருந்த ரூமை ஒருதரம் பாக்கணும்."

சின்ன அறை. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே அதைவிடப் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ரேடியோ விசிறி ஸ்விட்சைத் தேடிக் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

ஸ்விட்ச் பலகையில் நாலு ஸ்விட்ச். விசிறி ஸ்விட்சின் மேல் மட்டும் கறுப்பு டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது.

"கரண்ட் அடிக்குதா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. அவர்தான் ஒட்டினாரு. யாராவது மறந்துபோய்ப் போட்டுடப் போறாங்கன்னு. எடுக்க எனக்கு மனசு வரல. கடைசி ரெண்டு நாளா விசிறிக் காத்தே ஆகலை. மேல பட்டா அப்படியே கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு விக்குவாரு."

அண்ணி ஜன்னலிடம் போனாள். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கெல்லாம் பழந்துணியைத் திணித்து அடைத்திருந்தது. "இதுவும் அவர்தானா?"

"ஆமா. தொண்டை வலின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. தண்ணிகூட இறங்கல. அன்னைக்கு டாக்டரைப் பாக்கத்தான் பைக்கை எடுத்துக்கிட்டுப் போனாரு. மூஞ்சி பூராத் துண்டைச் சுத்திக்கிட்டு. ஆத்துப் பாலத்து மேல போறப்ப எதிர்க்க யாருமே இல்லையாம், தானா விழுந்துட்டாருன்னு பாத்தவங்க சொன்னாங்க. எமன் கூப்பிட்டா எங்க இருந்தாலும் போகத்தானே வேணும்."

ரேடியோ அடைத்த ஜன்னலையும் டேப் ஒட்டிய ஸ்விட்சையும் மாறி மாறிப் பார்த்தான். நாய்க்கடி வியாதியை விட்டால், காற்றுக்கும் தண்ணீருக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும் வியாதி உலகத்தில் எத்தனை இருக்கிறது? ஆற்றுப் பாலத்தின் மேல் வீசுகிற காற்று எப்படிப்பட்டது என்று தினம் டாக்ஸி ஓட்டுகிற அவனுக்குத் தெரியும்.

"எதுக்கு பைக்ல போனாருன்னு ஆஸ்பத்திரியில யாராவது கேட்டாங்களா?" என்றாள் அண்ணி.

"மண்டை உடைஞ்சு வந்தவரை அதெல்லாமா கேப்பாங்க? எப்படி விழுந்தாருன்னுதான் கேட்டாங்க, சொன்னேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது அவரைக் கடிச்சுதா? நாய், பூனை, நரி, எலி? ஆறு மாசம் முன்னாடின்னாலும் பரவாயில்ல."

"ஐயோ, அதைத்தான் அங்கயும் துருவித் துருவிக் கேட்டாங்க. என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன், எதுவும் கடிக்கல. ஒரு சின்ன முள்ளு குத்தினாலே ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துற மனுஷன். கடிச்சா சொல்லாம இருப்பாரா?"

பொய் சொல்கிற முகம் இல்லை. பொய்க் கேஸ் பிடித்தே பழகிய அண்ணிக்கு அது ரேடியோவைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரேடியோவின் போன் அடித்தது. தையல்காரி.

"டாக்டர் கூப்பிட்டுக் கேட்டுட்டாரு தம்பி. இருக்கா, இல்லையா?" என்றாள். "இவன் என்னடான்னா உக்காந்து தர்பூசணி தின்னுக்கிட்டு, 'டயாலிசிஸ்ல இதைத் தொடவே விடல, எத்தனையோ வருஷம் கழிச்சு ஆசை தீரத் தின்னறேன்க்கா'ன்னு சிரிக்கிறான். எனக்கு நெஞ்சு வெடிச்சுடும் போலிருக்கு. அண்ணிகிட்ட சொல்லு, இல்லைன்னா இல்லைன்னாவது சொல்லச் சொல்லு."

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா," என்று சொல்லிப் போனை வைத்தான்.

"அண்ணி, வியாதி இருக்கு, கடியைத்தான் காணோம்," என்று முணுமுணுத்தான். "கொலை இருக்கு, கத்தி இல்ல. இந்தக் கதையை டாக்டர் ஒத்துக்குவாரா?"

"தொண்டை வலிக்கும் இப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே? வா, தொழுவத்தைப் பாப்போம்."

தொழுவம் வீட்டுக்குப் பின்னால். நாலு மாடு கட்டுகிற இடம். மூன்று மாடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன. நாலாவது முளையில் கயிறு இல்லை, கீழே தரை வெள்ளையாகச் சுண்ணாம்பு தூவிக் கிடந்தது. அண்ணியின் கண் அங்கே போகும் என்று ரேடியோ நினைத்தான். அவளோ சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை நீளம், நடுவில் ஒரு ஓட்டை, கைபட்டுக் கைபட்டு வழவழத்திருந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் ஆழமான பல் தடம்.

"இது என்னங்க?"

"மாட்டு வாயில குறுக்க வைக்கிற கட்டை." பால்காரரின் மனைவி அதைத் தடவிப் பார்த்தாள். குரலில் ஒரு பெருமை வந்தது. "மாட்டுத் தொண்டையில கிழங்கோ, பிளாஸ்டிக் பையோ சிக்கிக்கும் பாருங்க, இதை வச்சு வாயைத் திறந்து கையை விட்டு எடுப்பாரு. சுத்துவட்டாரத்துல எங்க மாடு விக்கினாலும் இவரைத்தான் கூப்பிடுவாங்க. ராசியான கை. முழங்கை வரைக்கும் உள்ள விடுவாரு, மாடு ஒன்னும் பண்ணாது."

"கையுறை போட்டுக்குவாரா?"

"அதைப் போட்டா உள்ள ஒன்னும் தட்டுப்படாதேம்மா."

"கடைசியா யார் வீட்டு மாட்டுக்குக் கையை விட்டாரு?"

"எங்க மாட்டுக்குத்தான்." அவள் அந்தக் காலி இடத்தைக் காட்டினாள். "நல்ல கறவை. வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால. மேய்ஞ்சுட்டு வந்தது, ஒரு நாள் தீனி எடுக்கல. வாயில எச்சிலா ஊத்துது. கத்துது கத்துது, கத்திக் கத்திக் குரலே மாறிப்போச்சு. ஏதோ சிக்கிக்கிச்சுன்னு இவரும் கையை விட்டுத் தேடினாரு, ரெண்டு மூணு தடவை. தன் மாட்டுக்குத் தன் கை உதவலையேன்னு அழுதாரு பாவம். அப்படியே செத்துப்போச்சு."

"தேடினாரே, உள்ள என்ன கிடைச்சது?"

"ஒன்னுமே கிடைக்கல."

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஒன்னும் கிடைக்காதும்மா," என்றாள் மெதுவாக. "அந்தத் தொண்டையில எதுவும் சிக்கல. மேய்ச்சல்ல ஏதோ நாயோ நரியோ அதைக் கடிச்சிருக்கு. வெறி பிடிச்ச மாடு விழுங்க முடியாம அப்படித்தான் எச்சில் ஊத்தும். பாக்கறவங்களுக்குத் தொண்டையில ஏதோ சிக்கின மாதிரியே இருக்கும். அந்த எச்சில் புண்ணுல பட்டாலே தொத்திக்கும். அவர் கையில கீறல், வெடிப்பு ஏதாவது இருந்துச்சா?"

"சாணி அள்ளுற கையில வெடிப்பு இல்லாம..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

ரேடியோவுக்குத் தூக்கி வாரிப்போட்டது. அந்தம்மா ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. நாய் கடிக்கவில்லை, பூனை கடிக்கவில்லை. மாடு கடித்ததா என்று யாரும் கேட்கவும் இல்லை, அது கடிக்கவும் இல்லை. மனுஷன் தானாகப் போய் எமன் வாயில் முழங்கை வரைக்கும் கையை விட்டிருக்கிறான், மாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு. பால்காரனைத் தவிர வேறு எவன் செய்வான் இந்தக் காரியத்தை?

அவன் ஓரமாகப் போய் டாக்டரைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். "போதும்," என்றார் டாக்டர். "பேஷண்டை உடனே வரச் சொல்றேன்."

அப்பாடா என்று திரும்பினான். பால்காரரின் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். ரெண்டு பேரில் ஒருவர் இல்லை என்பதையும்.

"நான் கொடுக்காம இருந்திருந்தா கிட்னி வாங்கினவர் பொழைச்சிருப்பாரா?" என்று கேட்டாள் அவள்.

"உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் தெரியாது. நல்லது நினைச்சுத்தான் கொடுத்தீங்க," என்றாள் அண்ணி. பிறகு, அவள் குரல் மாறியது. ரேடியோவுக்கு அந்தக் குரலைப் பிடிக்காது. கேஸ் முடிந்தது என்று எல்லாரும் எழுந்திருக்கும் போது வருகிற குரல் அது.

"ஒன்னு கேக்கணும். ஒரு கையால மாட்டுத் தொண்டைக்குள்ள தேடினாரு. இன்னொரு கையால இந்தக் கட்டையைப் பிடிச்சிருப்பாரு. மாடு நாக்கை மடக்கிக்காம இருக்க யாராவது அதை வெளியில இழுத்துப் பிடிக்கணுமே. அதை யாரு பிடிச்சா?"

அவள் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் நீளமாகத் தோல் வெடித்து, காய்ந்து, மறுபடி வெடித்திருந்தது.

"நான்தான்," என்றாள்.

ரேடியோ எதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்று பார்த்தான், தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. அப்படி இறங்காததே அவனுக்குப் பெரிய பயமாகிவிட்டது.

"வேற யாராவது? உங்க பொண்ணு?" என்றாள் அண்ணி.

"அவ வெளியூர்ல படிக்கிறா. மாடு செத்ததுகூட அவளுக்குச் சொல்லல." அவள் எழுந்து நின்றாள். "எனக்கும் வந்துடுமா?"

"இன்னும் ஒன்னும் வரல இல்ல? அப்போ நேரம் இருக்கு. இப்பவே கிளம்புங்க."

ரேடியோ ஓட்டிய வேகத்துக்கு வேறொரு நாளாக இருந்தால் அண்ணி காதைத் திருகியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்ச். அதன் ஒரு முனையில் பால்காரரின் மனைவியை உட்கார வைத்துவிட்டு, அண்ணி டாக்டரைப் பார்க்க உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல்காரி தம்பியோடு வந்து சேர்ந்தாள். முகத்தில் மாஸ்க் போட்ட ஒல்லிப் பையன், முப்பதுக்குள் இருக்கும். அவன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். தையல்காரி மருந்து வாங்க ஓடினாள்.

யார் யாரென்று ரெண்டு பேருக்கும் தெரியாது. நடுவில் நின்ற ரேடியோவுக்கு மட்டும் தெரியும். சொல்லக்கூடாது என்று அண்ணி கண்ணாலேயே மிரட்டிவிட்டுப் போயிருந்தாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

பையன்தான் பேச்சைத் தொடங்கினான். "உங்களை நாய் கடிச்சிடுச்சாக்கா?"

"இல்லப்பா. எங்க வீட்டு மாடு. உன்னை?"

"என்னை எதுவும் கடிக்கலக்கா. கிட்னி வச்சாங்க. கொடுத்த மனுஷனுக்கு இந்த வியாதி இருந்திருக்கு, அவருக்கே தெரியாதாம்."

பால்காரரின் மனைவி அவன் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து மெதுவாக இறங்கி வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. சட்டைக்கு உள்ளே இருக்கிறதை உற்றுப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று ரேடியோ நினைத்தான்.

"ஒன்னுக்கு நல்லாப் போகுதா தம்பி?" என்று கேட்டாள் அவள்.

பையன் சிரித்துவிட்டான். "ஜோரா போகுதுக்கா. வச்ச அன்னைக்கே வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. நல்ல உழைப்பாளி கிட்னின்னு நர்ஸ் எல்லாம் சொல்லுவாங்க." சிரிப்பு அடங்கியது. "இனிமேதான் என்ன ஆகுமோ. இந்த ஊசி பிடிக்கணும்னா என் மாத்திரையைக் குறைக்கணுமாம். குறைச்சா இது போயிடலாம்னு சொல்றாங்க. ஊசி போட்டாலும் பொழைப்பேன்னு யாரும் அடிச்சுச் சொல்லல. எங்கக்கா போட்டுக்கடான்னு அழுவுறா. எனக்குத்தான் மனசே வரலக்கா. யாரோ ஒருத்தர் செத்தும் கொடுத்தது. அதைப் போய் நானே விட்டுடறதான்னு இருக்கு."

உள்ளே இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, முதலில் யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். பையன் எழுந்திருக்கவில்லை.

பால்காரரின் மனைவி பெஞ்சில் நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் சட்டையின் கீழ்ப்பக்கத்தில், அந்த இடத்தில், வெடிப்பு விழுந்த உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்தாள். பையன் திகைத்துப் போய்ப் பார்த்தான், விலகவில்லை.

"போனாப் போகட்டும் தம்பி," என்றாள். "கொடுத்தவர் உன்னை ஒன்னும் கோவிச்சுக்க மாட்டாரு. நீ போய் முதல்ல போட்டுக்கோ."